லேப்டாப் சார்ஜ் ஏறுவதும் நிற்பதுமாக இருந்தால் இந்தக் கடைக்குப் போங்கள் (பழைய வண்ணாரப்பேட்டை)

வட சென்னையில் இருந்துகொண்டு லேப்டாப் சார்ஜர் ரிப்பேருக்கு ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவ்வளவு தூரம் போக வேண்டாம். சர் தியாகராயா காலேஜ் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால், டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில், ஒரு டெய்லர் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் சின்னதாக ஒரு கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது, ‘லேப்டாப், பிரிண்டர், யூபிஎஸ் சர்வீஸ்’ என்று ஷட்டருக்கு மேலே பெயிண்டில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். மாவு மில் எங்கே என்று கேட்டுக்கொண்டு போங்கள், கடையைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. கணவன் மனைவி இரண்டு பேரும் நடத்துகிறார்கள். என்ன பழுது என்று கண்டுபிடிப்பது அண்ணன், சால்டரிங் வேலை முழுக்க அக்கா.

எனக்குப் பாரிமுனைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் டாக்குமென்டேஷன் வேலை. இறக்குமதிச் சரக்குக்கான சுங்கப் படிவம் (பில் ஆஃப் என்ட்ரி) எல்லாம் ஐஸ்கேட் என்கிற சுங்கத்துறை இணையதளம் வழியாக ஆன்லைனில்தான் போட வேண்டும், கப்பல் வந்துவிட்டால் ராத்திரி எந்நேரமானாலும் வீட்டில் உட்கார்ந்து ஃபைல் பண்ணியாக வேண்டும், தாமதமானால் சரக்கை இறக்குமதி செய்கிறவர் தலையில் லேட் சார்ஜ் விழும். அந்த மாதிரி நேரத்தில்தான் இந்த சார்ஜர் படுத்த ஆரம்பித்தது. சொருகினால் அடாப்டரில் லைட் எரியும், லேப்டாப்பிலும் பிளக் படம் வரும், ஆனால் சார்ஜ் ஏறாது. ஒயரை ஒரு பக்கமாக வளைத்து மேலே ஒரு புத்தகத்தை வைத்தால் ஏறும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி நின்றிருக்கும். ஆன் பண்ணும்போது, அடாப்டர் என்ன வகை என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்கிற மாதிரி ஒரு மெசேஜ் வேறு. அந்த மெசேஜ் வந்த அன்றைக்கெல்லாம் லேப்டாப்பே மந்தமாகிவிடும், நாலு ஷீட் உள்ள எக்செல் ஃபைலைத் திறப்பதற்குள் பொறுமை போய்விடும்.

வீட்டுப் பக்கத்து மொபைல் கடையில், இந்த மாடலுக்குச் சேரும் என்று 900 ரூபாய்க்கு ஒரு சார்ஜர் கொடுத்தார்கள். அதைப் போட்டாலும் அதே கதை. இன்னும் சொல்லப்போனால், வளைத்துப் பிடித்தால்கூட ஏறவில்லை. அப்புறம் ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். இரண்டு சார்ஜர் போட்டும் ஏறவில்லை என்றால் மதர்போர்டில் சார்ஜிங் பகுதி போய்விட்டது, போர்டை மாற்ற வேண்டும் என்று சொல்லி 12,000 ரூபாய்க்கு மேல் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அது எவ்வளவு தப்பான முடிவு என்பது வண்ணாரப்பேட்டைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் லேப்டாப்பை வாங்கியதும் செய்த முதல் காரியம், அதே வாட், அதே பின் உள்ள கம்பெனி ஒரிஜினல் சார்ஜர் ஒன்றை ரேக்கிலிருந்து எடுத்துச் சொருகியதுதான். எந்த மாடல் வந்தாலும் சோதித்துப் பார்க்க என்று பத்துப் பன்னிரண்டு ஒரிஜினல் சார்ஜர்களை வரிசையாக ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார், விற்பதற்கில்லை. சொருகியதும் சார்ஜ் ஏற ஆரம்பித்தது. பின்னை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று லேசாக ஆட்டிப் பார்த்தார், விடவில்லை. “தம்பி, உன் லேப்டாப்பு நல்லா இருக்கு. ஜாக்கும் டைட்டா இருக்கு. போர்டு மேல கை வைக்கவே வேணாம், சார்ஜர்லதான் கோளாறு” என்றார். அந்த எஸ்டிமேட் காகிதத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார், அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை.

“அப்ப இந்தப் புது சார்ஜர் ஏண்ணே ஏத்தல?” என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை லேப்டாப் வைத்திருக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். டெல், எச்பி போன்ற கம்பெனிகளின் உருண்டைப் பின்னை உள்ளே பார்த்தால் நடுவில் ஊசி மாதிரி ஒன்று நிற்கும். கரண்ட் போவது சுற்றியுள்ள உலோகக் குழாயின் உள்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலும்தான். நடு ஊசி, நான் இத்தனை வாட் சார்ஜர் என்று லேப்டாப்புக்கு அடையாளம் சொல்வதற்காக இருப்பது. அந்த அடையாளம் போய்ச் சேரவில்லை என்றால் பல மாடல்களில் லேப்டாப் ஓடும், பேட்டரிக்கு மட்டும் சார்ஜ் ஏற்றாது. எவ்வளவு கரண்ட் இழுக்கலாம் என்று தெரியாததால் பிராசசர் வேகத்தையும் அதுவே குறைத்துக்கொள்ளும். என் எக்செல் நொண்டியதற்கு அதுதான் காரணம். மலிவான டூப்ளிகேட் சார்ஜர்கள் பலவற்றில் நடுவில் ஊசி இருக்கும், அதற்குப் பின்னால் அடையாளம் சொல்லும் சமாச்சாரம் ஒழுங்காக இருக்காது. ஆக என் பழைய சார்ஜரில் அந்த ஊசிக்குப் போகிற மெல்லிய ஒயர் அறுந்து அடையாளம் போகவில்லை, 900 ரூபாய் சார்ஜரில் ஆரம்பத்திலிருந்தே அடையாளம் இல்லை. இரண்டு சார்ஜருக்கும் ஒரே அறிகுறி வந்ததால் பழி போர்டு மேல் விழுந்துவிட்டது. சரியான சார்ஜர் ஒன்றை ஒரே ஒரு நிமிடம் சொருகிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

அதோடு விடவில்லை. கோளாறு எந்த இடத்தில் என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் வேலையில் இறங்கினார். அவர் மேஜையில் ஒரு பலகை இருக்கிறது, அதில் லாரி இண்டிகேட்டருக்குப் போடுகிற 24 வோல்ட், 21 வாட் பல்புகள் நாலு, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். சார்ஜர் பின்னில் கிளிப்பை மாட்டி ஒவ்வொரு பல்பாகப் போடுகிறார். 19.5 வோல்ட்டில் ஒரு பல்பு முக்கால் ஆம்பியருக்கு மேல் இழுக்கும், நாலும் எரிந்தால் 3 ஆம்பியரைத் தொட்டுவிடும். என்னுடையது 65 வாட், 3.34 ஆம்பியர் சார்ஜர், கிட்டத்தட்ட முழுச் சுமை. சும்மா மீட்டரை வைத்து 19 சொச்சம் வோல்ட் வருகிறது, சார்ஜர் நல்லா இருக்கிறது என்று சொல்லிவிடுவது எவ்வளவு தப்பு என்று வேறொரு பழைய சார்ஜரைப் போட்டுக் காட்டினார். மீட்டரில் 19.3 காட்டியது. இரண்டாவது பல்பு போட்டதும் பல்புகள் மினுக் மினுக்கென்று எரிந்து அணைந்தன, அடாப்டர் லைட்டும் கூடவே. உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற கெபாசிட்டர் காய்ந்துபோனால் இப்படி ஆகுமாம். என்னுடையது நாலு பல்பும் போட்டும் அசையவில்லை, ஒயரை எங்கே வளைத்தாலும் வெளிச்சம் குறையவில்லை. அதாவது அடாப்டரும் நன்றாக இருக்கிறது, கரண்ட் போகிற ஒயர்களும் நன்றாக இருக்கின்றன. அப்புறம் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, மீட்டரை டயோடு மோடில் வைத்து நடு ஊசியையும் வெளிக் குழாயையும் தொட்டார். ஒயர் நேராக இருந்தபோது ரீடிங் வந்தது. பின்னுக்குப் பக்கத்தில் அந்த ரப்பர் கழுத்து முடிகிற இடத்தில் லேசாக மடித்ததும் போய்விட்டது. நேராக்கினால் வந்தது, மடித்தால் போனது. இவ்வளவு நாளாக என்னை அலைக்கழித்த கோளாறு என் கண் முன்னால் ஒரு எண்ணாக வந்து வந்து போனதைப் பார்த்ததே பெரிய நிம்மதி.

அந்த இடத்தை வெட்டிப் பிரித்துக் காட்டினார் அக்கா. சைக்கிள் பிரேக் கேபிளை வெட்டினால் தெரிகிற மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கிறது. வெளியே பின்னிய செம்புக் கம்பி, உள்ளே தடித்த ஒயர், கூடவே தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமனான இன்னொரு ஒயர். அந்த மெல்லியதுதான் அறுந்திருந்தது. வெளிச் செம்பு ஒரு விரல் நீளத்துக்குப் பச்சைப் பிடித்துக் கிடந்தது. “வீடு எங்கம்மா?” என்று கூட வந்திருந்த என் மனைவியிடம் கேட்டார் அக்கா. காசிமேட்டுப் பக்கம் என்றதும், “கடல் காத்துல அப்படித்தான் ஆவும், ஜன்னல் பக்கம் வச்சு வேலை பாக்காதீங்க” என்றார். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வருகிற சார்ஜர்களில் இந்தப் பச்சையை அடிக்கடி பார்க்கிறாராம். உப்புக் காற்று பட்டுச் செம்பு அரிப்பது இங்கே கிரில் கேட்டில் தொடங்கி எல்லாவற்றிலும் பார்க்கிறதுதானே. ஒயரில் தோல் வெடித்தால் அது உள்ளே போய்விடுகிறது.

ரிப்பேர் என்றால் அறுந்த இடத்தை ஒட்டுவது இல்லை. அடாப்டரிலிருந்து லேப்டாப்புக்கு வருகிற டிசி ஒயர் முழுவதையும் பின்னோடு புதிதாகப் போட்டார்கள். அதற்கு அடாப்டர் பெட்டியைத் திறக்க வேண்டும். ஸ்குரூ எதுவும் கிடையாது, பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருப்பார்கள். அக்கா ஒரு அகலமான பிளேடை மூட்டில் வைத்துச் சுற்றிலும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார், ஒரு கீறல் இல்லாமல் இரண்டாகப் பிரிந்தது. திறந்ததும் அவர் தொட்டது பெரிய கெபாசிட்டரைத்தான், அதன் இரண்டு காலிலும் ஒரு ரெசிஸ்டரை வைத்துச் சார்ஜை இறக்கினார். வீட்டு 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது 320 வோல்ட்டைத் தாண்டும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கே நிற்கலாம். அதனால் யூடியூப் பார்த்துவிட்டு அடாப்டரை வீட்டில் திறக்காதீர்கள், தயவுசெய்து. மூன்று ஒயர்களையும் பழைய இடத்திலேயே சால்டர் வைத்து, பெட்டியை மூடுவதற்கு முன்னால் மறுபடி பல்புப் பலகையில் மாட்டி, ஒரு டீ குடித்துவிட்டு வருகிற நேரம் எரியவிட்டுச் சூடு பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் பசை போட்டு ஒட்டியது.

எல்லாம் சேர்த்து 450 ரூபாய். ஒயருக்கு மூன்று மாசம் வாரண்டி, சீட்டின் பின்னால் தேதி போட்டுக் கையெழுத்து. இப்போது வரைக்கும் ஒரு தடவைகூட அந்த மெசேஜ் வரவில்லை, சார்ஜும் பாதியில் நிற்கவில்லை. ராத்திரி ஃபைலிங் எல்லாம் நிம்மதியாகப் போகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். புது ஒயர் பழையதைவிட ஒரு சாண் குட்டை, விறைப்பும் அதிகம், சோபாவில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். கடைக்குப் போன் பண்ணினால் எடுக்க மாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும். கார்டு கிடையாது, ஜிபே அல்லது பணம். ஜிஎஸ்டி பில் கிடைக்காது, ஆபீஸில் க்ளெய்ம் பண்ணுகிறவர்களுக்கு இது சிக்கல். டைப் சி போர்ட்டில் பிரச்சனை என்றால் எடுத்துக்கொள்வதில்லை, அது போர்டு வேலை, எங்களிடம் அதற்கான மெஷின் இல்லை என்று நேராகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இதை நான் குறையாக நினைக்கவில்லை, தெரியாத வேலையை வாங்கிவைத்துக் கெடுக்கிற கடைகளைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அது பெரிய மரியாதை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. 2011இல் ஆரம்பித்த அரசு இலவச லேப்டாப்புகள் இந்தப் பக்கத்து வீடுகளில் இன்னும் நிறைய ஓடுகின்றன, அதற்கென்று எந்த முத்திரையும் இல்லாத மலிவு சார்ஜர்களை அவரும் வைத்து விற்கிறார். பசங்களிடம் காசு இல்லை, என்ன பண்றது என்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் படுக்கையில் வைத்துக்கொண்டு படிக்கிற பொருளுக்கு அது சரியில்லை என்பது என் கருத்து. இந்தியாவில் விற்கிற லேப்டாப் அடாப்டருக்குப் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். லேபிளில் பிஐஎஸ் குறியும் ‘ஆர்’ என்கிற ஆங்கில எழுத்துக்குப் பின்னால் ஒரு பதிவு எண்ணும் இருக்க வேண்டும், அந்த எண்ணைப் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யார் தயாரித்தது, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். புது சார்ஜர் வாங்குகிறவர்கள் கடையில் நின்றபடியே இதைப் பார்த்துவிடுங்கள். பெட்டியில் ஒரிஜினல் என்று எழுதியிருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

வோல்ட், ஆம்பியர் கேட்டுப் பலர் குழம்புகிறார்கள், அதையும் அண்ணன் வந்தவர்களுக்குச் சலிக்காமல் சொல்கிறார். வோல்ட் பழைய சார்ஜரில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் பழையது அளவுக்கோ அதற்கு மேலேயோ இருக்கலாம், குறையக் கூடாது. 65 வாட் கேட்கிற லேப்டாப்புக்கு 45 வாட் போட்டால், பலவற்றில் வேலை பார்த்துக்கொண்டே சார்ஜ் ஏறாது, அணைத்து வைத்தால்தான் ஏறும், அதையும் சார்ஜர் கோளாறு என்று நினைத்துவிடுவோம். டைப் சி லேப்டாப்புக்குப் போன் சார்ஜரைப் போட்டு ஏறவில்லை என்று வருகிறவர்களும் உண்டாம். அதில் கேபிளும் கணக்கு, 60 வாட்டுக்கு மேல் போக வேண்டும் என்றால் 5 ஆம்பியர் தாங்குகிற, உள்ளே சிப் வைத்த கேபிளாக இருக்க வேண்டும்.

கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலேயே சிலதைப் பார்த்துவிட்டால் அலைச்சல் மிச்சம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள், பழைய வீடுகளில் பிளக் தொளதொளவென்று இருக்கும், விட்டு விட்டு ஏறுகிற பிரச்சனை அங்கேகூட இருக்கலாம். சுவரிலிருந்து அடாப்டருக்கு வருகிற கேபிளின் மூன்று ஓட்டை முனை முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள், முடிந்தால் பக்கத்து வீட்டுக் கேபிளை வாங்கி மாற்றிப் பாருங்கள், கேபிள் மட்டும் கெட்டிருந்தால் சின்னச் செலவோடு போய்விடும். அடாப்டர் லைட் தனியாக எரிந்து, லேப்டாப்பில் சொருகியதும் அணைந்தால் ஷார்ட்டாக இருக்கலாம், உடனே கழற்றிவிடுங்கள். பின் முனை தொட முடியாத அளவுக்குச் சுட்டால் ஜாக்கில் லூஸ் காண்டாக்ட், அதைத் தள்ளிப்போடாதீர்கள். எப்போதும் சரியாக 80 சதவீதத்திலோ 60 சதவீதத்திலோ நின்றால் அது கோளாறே கிடையாது, பேட்டரி ஆயுளுக்காக லேப்டாப்பில் அப்படி ஒரு செட்டிங் ஆன் ஆகியிருக்கும். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது, சார்ஜே போடாமல் அணைத்துக் கொண்டு போய்க் கொடுங்கள்.

ஒயரை அடாப்டரைச் சுற்றி இறுக்கிச் சுற்றி வைக்கிற பழக்கத்தையும் விட்டுவிடச் சொன்னார் அக்கா. அடாப்டரிலிருந்து வெளியே வருகிற இடத்தில் ஒரு வளையம் தொங்கலாக விட்டுவிட்டு, மீதியைத் தனியாக லூஸாகச் சுருட்டினால் போதும்.

போகும்போது சார்ஜரை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், லேப்டாப்பும் சுவர் கேபிளும் சேர்த்து வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலேஜ் திறக்கிற ஜூன், ஜூலையில் கூட்டம் சந்து வரைக்கும் நிற்கும், அப்போது கொடுத்துவிட்டு மறுநாள் வாங்குவது மாதிரி இருக்கும். மற்ற மாசங்களில் காலை 11 மணிக்குப் போனால் கூடவே உட்கார்ந்து வாங்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு சரி. பண்டிகை சீசனில் எம்.சி. ரோடு துணிக்கடைக் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடமே கிடைக்காது, மெட்ரோவிலேயே போய்விடுங்கள்.